வாரந்தோறும் நண்பர்களுடன் மோதும் ஃபேண்டஸி பேஸ்பால் லீக்: எந்த முறையில் வெற்றியைக் கணக்கிடுவது?

மார்ச் மாதத்தில் மேஜர் லீக் பேஸ்பால் பருவம் தொடங்குவதற்கு முன்பு, நண்பர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஃபேண்டஸி லீக் (உண்மையான வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்கள் களத்தில் ஆடுவதை வைத்து மோதும் ஆட்டம்) அமைக்கும்போது, பேச்செல்லாம் டிராஃப்டை, அதாவது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதைச் சுற்றியே இருக்கும். முதலில் எடுக்க வேண்டியவர் ஷோஹே ஓடானியா, ஏரன் ஜட்ஜா என்று வாதிடுவதற்குச் செலவாகும் நேரத்தில் ஒரு சிறு பங்குகூட, ஒவ்வொரு வாரமும் யார் வென்றார் என்பதை எப்படித் தீர்மானிக்கப் போகிறோம் என்ற கேள்விக்குக் கிடைப்பதில்லை. ஆனால் ஆறு மாதம் நீளும் இந்த ஆட்டத்தில், நண்பர்கள் செப்டம்பர் வரை ஈடுபாட்டுடன் இருப்பார்களா, ஜூலையிலேயே ஒதுங்கிவிடுவார்களா என்பது பெரும்பாலும் அந்த விதிகளைப் பொறுத்தே அமைகிறது. ஆகவே வாராந்தர மேட்ச்-அப் முறையில் லீக் நடத்த நினைப்பவர்கள் முன்னால் இருக்கும் தெரிவுகளை, எதை ஏன் எடுக்கலாம் என்ற என் கருத்துடன் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஐபிஎல் காலத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகப் பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். இங்கே ஒரு வீரர் லீக்கில் ஒருவருக்கு மட்டுமே சொந்தம். டிராஃப்டில் ஜட்ஜை நீங்கள் எடுத்துவிட்டால், நீங்கள் விட்டுக்கொடுக்கும்வரை அல்லது டிரேட் செய்யும்வரை அவர் வேறு எந்த நண்பரின் அணிக்கும் போக முடியாது. அந்த அணியை வைத்துக்கொண்டு திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு நண்பரை எதிர்கொள்கிறீர்கள். அடுத்த திங்களன்று வேறொருவர் வருகிறார்.

இந்த ஆட்டம் பிறந்தபோது வாராந்தர மோதல் என்பதே இல்லை. 1980இல் எழுத்தாளர் டேனியல் ஓக்ரென்ட்டும் அவருடைய நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கிய ரோட்டிசரி முறையில், பருவம் முழுவதற்குமான கூட்டுத்தொகையை வைத்து ஹோம் ரன் போன்ற ஒவ்வொரு ஆட்டக் கணக்குப் பிரிவிலும் அணிகளை வரிசைப்படுத்தி, அந்த வரிசைக்கு ஏற்பப் புள்ளி கொடுத்தார்கள். யார் சிறந்த அணியை அமைத்தார் என்று கண்டறிவதற்கு அதைவிட நேர்மையான முறை இன்றுவரை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மே மாதம் ஒன்பதாவது இடத்தில் இருக்கும் ஒருவருக்கு அந்த வாரம் பேச ஒன்றுமே இருக்காது. நண்பர்களுக்கிடையிலான லீக்கில், ‘இந்த வாரம் உனக்கும் எனக்கும்’ என்ற நேருக்கு நேர் மோதல் தரும் பேச்சுத்தான் ஆட்டத்தின் பாதி. அதனால் வாராந்தர மேட்ச்-அப்பைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. அதன் குறையை அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

குறை இதுதான்: பேஸ்பாலில் ஒரு வாரம் என்பது மிகச் சிறிய காலம். 2024இல் 98 ஆட்டங்களை வென்று, பின்னர் உலகத் தொடரையும் கைப்பற்றிய லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியே 64 ஆட்டங்களில் தோற்றது. அதே பருவத்தில் 121 தோல்விகளைச் சந்தித்த சிகாகோ வைட் சாக்ஸ் அணியும் 41 முறை வென்றது. ஓர் அணி வாரத்துக்கு ஆடுவது ஐந்து முதல் ஏழு ஆட்டங்கள். அதில் ஒரு பேட்டருக்கு ஏறத்தாழ 25 அட்-பேட் (அடிக்கும் வாய்ப்பு) கிடைக்கும். அவற்றில் ஆறு ஹிட் (பேஸை எட்டவைக்கும் அடி) அடித்தால் அவருடைய சராசரி .240, எட்டு அடித்தால் .320. ஷார்ட்ஸ்டாப் என்ற தடுப்பாட்டக்காரரின் கையுறைக்கு அரை அடி தள்ளிப் போன இரண்டு பந்துகள்தான், அந்த வாரம் ஒருவரைச் சுமாரான வீரராகவோ நட்சத்திரமாகவோ காட்டுகின்றன. வாரத்தின் முடிவை எந்த விதி அளவுக்கு மீறிப் பெரிதாக்குகிறது, எந்த விதி அதன் உண்மையான அளவிலேயே வைக்கிறது என்ற கண்ணோட்டத்தில்தான் கீழே உள்ள தெரிவுகளை நான் எடைபோடுகிறேன்.

வெற்றியைக் கணக்கிட மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. அவற்றில் முதலிரண்டும் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டவை. பேட்டிங்கில் ரன், ஹோம் ரன், ஆர்பிஐ (ஒருவருடைய ஆட்டத்தால் அணிக்கு வரும் ரன்), ஸ்டோலன் பேஸ் (பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது), பேட்டிங் ஆவரேஜ். பிட்சிங்கில், அதாவது பந்தெறிவதில், வின் (அணி வெல்லும்போது பிட்சரின் பெயரில் சேரும் வெற்றி), சேவ் (நெருக்கமான முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பது), ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஏர்ன்ட் ரன், அதாவது தடுப்பாட்டப் பிழையால் வராத ரன்), விப் (ஓர் இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ஹிட், வாக்; வாக் என்பது நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) என்று பத்துப் பிரிவுகள் இருப்பது நெடுநாள் வழக்கம். முதல் வழியில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி வெற்றியாகக் கணக்கிடப்படும். ஒரு வாரத்தை நீங்கள் 6–4 என்று முடித்தால், பருவப் பட்டியலில் உங்களுக்கு ஆறு வெற்றியும் நான்கு தோல்வியும் சேரும். இரண்டாவது வழியில் அதே 6–4 ஒரே ஒரு வெற்றி. 10–0 என்று முடித்தாலும் ஒரே ஒரு வெற்றிதான்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது வழிதான் உண்மையான மோதலைப் போல் தோன்றும். ஞாயிறு இரவு 5–4 என்று நிற்கும்போது மிச்சமிருக்கும் ஒரு பிரிவு மொத்த வாரத்தையும் தீர்மானிக்கும் என்ற பரபரப்பு அதில் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பருவம் ஏறத்தாழ 26 வாரம். கடைசி வாரத்தையும் ப்ளேஆஃபுக்கு நான்கு வாரங்களையும் ஒதுக்கி, ஆல்-ஸ்டார் இடைவேளை (நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்காகப் பருவம் நிற்கும் சில நாட்கள்) வரும் வாரத்தை அடுத்த வாரத்துடன் சேர்த்து ஒரே மோதலாக வைத்தால், வழக்கமான பருவத்துக்கு மிஞ்சுவது 20 மோதல்கள். பத்து வாரத்தில் ஆறு வாரம் வெல்லக்கூடிய, உண்மையிலேயே நல்ல அணிக்கு எதிர்பார்க்கத்தக்கது 12 வெற்றி; நடுத்தர அணிக்கு 10. ஆனால் இருபதே மோதல்கள் இருக்கும்போது, வெறும் அதிர்ஷ்டமே இரண்டு வெற்றிகளை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எளிதாக நகர்த்திவிடும். அதாவது, நன்றாக அணி அமைத்தவருக்கும் சுமாராக அமைத்தவருக்கும் உள்ள இடைவெளியும், அதிர்ஷ்டத்தின் கைவரிசையும் ஏறக்குறைய ஒரே அளவு.

முதல் வழியில் அதே பருவத்தில் 200 பிரிவு முடிவுகள் கிடைக்கின்றன. ஹோம் ரன் அடித்தால் ரன்னும் ஆர்பிஐயும் சேர்ந்தே வருவதால் இவை ஒன்றையொன்று சாராத 200 முடிவுகள் அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் இருபதைவிட இது மிகவும் உறுதியான அளவுகோல். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட லீக்கில் ஒரு வாரம் இரண்டாவது சிறந்த ஆட்டத்தைக் காட்டிய அணி, முதலாவது சிறந்த அணியை அதே வாரம் எதிர்கொள்ள நேர்ந்தால், இரண்டாவது வழியில் வெறும் தோல்வியுடன் திரும்பும். முதல் வழியில் நான்கு வெற்றிகளையாவது எடுத்துக்கொண்டு போகும். அட்டவணையின் அநியாயத்தை இந்த அளவு குறைக்கும் வேறு எளிய விதி எனக்குத் தெரியவில்லை. நண்பர்கள் புதன்கிழமையே மனம் தளராமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: 2–8 என்று பின்தங்கியிருப்பவருக்கும் அதை 4–6 ஆக்குவதில் பொருள் இருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனையுடன்தான் முதல் வழியைப் பரிந்துரைப்பேன். பருவத்தின் நடுவில் அணியைக் கவனிக்காமல் விட்டுவிடும் நண்பர் ஒருவர் இருந்தால், அவரை ஆகஸ்டில் சந்திக்கும் அதிர்ஷ்டசாலி ஒரே வாரத்தில் 10–0 என்று அள்ளிக்கொண்டு, பட்டியலில் மூன்று இடம் தாண்டிவிடுவார். ஏப்ரலில் அதே நண்பரை, அவர் முனைப்புடன் இருந்தபோது சந்தித்தவருக்கு 5–5தான் கிடைத்திருக்கும். இரண்டாவது வழியில் இந்தச் சேதம் ஒரு வெற்றியோடு நின்றுவிடும். ஆகவே, உங்கள் லீக்கில் இருப்பவர்கள் கடைசிவரை வருவார்களா என்பதில் உங்களுக்கே ஐயம் இருந்தால், ஒரு வாரத்துக்கு ஒரு வெற்றி என்ற முறையே பாதுகாப்பானது. அப்போது பிரிவுகளின் எண்ணிக்கையை ஒற்றைப்படையாக, ஒன்பதாகவோ பதினொன்றாகவோ வைத்துக்கொண்டால் சமநிலைகள் குறையும்.

மூன்றாவது வழி புள்ளி முறை. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு மதிப்பு நிர்ணயித்து, வார இறுதியில் கூட்டிப் பார்த்து, அதிகம் எடுத்தவருக்கு வெற்றி. புதிதாக வருபவர்களுக்குச் சட்டென்று புரியும். இதன் பெரிய வலிமை அதுவே. பேஸ்பாலின் மதிப்புகளை ஓரளவு சரியாகப் பிரதிபலிக்கவும் இதனால் முடியும். 2024 பருவத்தின் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஹுவான் சோட்டோ 41 ஹோம் ரன்களுடன் 129 வாக் பெற்றார்; ஏழே ஏழு பேஸ் திருடினார். எலி டி லா க்ரூஸ் 25 ஹோம் ரன்களுடன் 67 பேஸ் திருடினார்; 218 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். வாக் என்ற பிரிவே இல்லாத வழக்கமான பத்துப் பிரிவு லீக்கில், ஸ்டோலன் பேஸ் பிரிவைத் தனியாளாகவே பல வாரம் வென்றுதரக்கூடிய டி லா க்ரூஸ் பொன்னைப் போன்றவர். வாக்குக்கு ஒரு புள்ளி கொடுத்து, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஒரு புள்ளி கழிக்கும் லீக்கிலோ சோட்டோ எங்கோ உயரத்தில் நிற்கிறார். களத்தில் ஓர் அணிக்கு யார் அதிகப் பயன் தருகிறார் என்று பார்த்தால், இரண்டாவது விடைதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது.

அப்படியிருந்தும் வாராந்தர மோதலுக்குப் புள்ளி முறையை நான் கடைசியில்தான் வைப்பேன். அதற்குக் காரணம் பிட்சர்கள். ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள், ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒருமுறை எறிபவர்கள் என்பதால், திங்களோ செவ்வாயோ எறிபவர் வார இறுதியில் மறுபடியும் எறியக்கூடும். இன்னிங்ஸுக்கு மூன்று, ஸ்ட்ரைக்அவுட்டுக்கு ஒன்று, வின்னுக்கு இரண்டு என்று கூட்டி, ஹிட்டுக்கும் வாக்குக்கும் ஒன்று, ஏர்ன்ட் ரன்னுக்கு இரண்டு என்று கழிக்கும் ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். ஆறு இன்னிங்ஸில் ஐந்து ஹிட், இரண்டு ரன், இரண்டு வாக் கொடுத்து, ஏழு ஸ்ட்ரைக்அவுட்டுடன் வென்ற பிட்சருக்கு 16 புள்ளி. இருமுறை அப்படி எறிந்தால் 32. கடக்கும் நான்கு பேஸ்களுக்கு நான்கு, ரன்னுக்கு ஒன்று, ஆர்பிஐக்கு ஒன்று என்று ஒரு சோலோ ஹோம் ரன்னுக்கு (பேஸில் வேறு யாரும் இல்லாதபோது அடிப்பது) ஆறு புள்ளி கிடைப்பதாகக் கொண்டால், ஒரு பேட்டர் அந்த வாரம் ஐந்து ஹோம் ரன் அடித்தாலும், அவற்றால் வருவது 30தான். ஆக, இருமுறை எறியும் பிட்சர்கள் யார் பக்கம் அதிகம் என்பதே வாரத்தின் முடிவைப் பெருமளவு எழுதிவிடுகிறது. மதிப்புகளை மாற்றிச் சரிசெய்யலாம். ஆனால் அந்தத் திருத்தத்தைப் பருவத்துக்கு முன்பே செய்யும் பொறுமை உள்ள கமிஷனர் (லீக்கை நடத்துபவர்) வேண்டும்.

பிரிவு முறையில் இதே இருமுறை எறியும் பிட்சருக்கு ஓர் எதிர்விசை இருக்கிறது. சனிக்கிழமை இரவு நிலவரத்தை எண்ணிப் பாருங்கள்: உங்கள் பிட்சர்கள் 40 இன்னிங்ஸில் 14 ஏர்ன்ட் ரன் கொடுத்திருக்கிறார்கள், இஆர்ஏ 3.15. எதிராளியுடையது 3.60. ஸ்ட்ரைக்அவுட்டில் நீங்கள் நான்கு பின்தங்கியிருக்கிறீர்கள். ஞாயிறன்று டென்வரின் கூர்ஸ் ஃபீல்டில், கடல்மட்டத்துக்கு ஒரு மைல் உயரத்தில், பந்து நெடுந்தூரம் பறக்கும் அந்த மைதானத்தில் உங்கள் ஸ்டார்ட்டர் ஒருவர் எறிய இருக்கிறார். அவரை இறக்கினால் ஸ்ட்ரைக்அவுட் பிரிவு உங்களுடையதாகலாம். ஆனால் அவர் மூன்று இன்னிங்ஸில் ஆறு ரன் கொடுத்துவிட்டால் இஆர்ஏ 4.19 ஆகிவிடும், விப் பிரிவும் அதனுடன் போய்விடக்கூடும். இறக்குவதா, பெஞ்சில் வைப்பதா என்ற இந்த முடிவை எடுக்கும் அரைமணி நேரத்துக்காகவே நான் பிரிவு முறையை விட்டு விலக மாட்டேன். புள்ளி முறையில் இந்தக் கேள்வி எழுவதே அரிது. எறியக் கூடியவரை எறியவைப்பதே அங்கே பெரும்பாலும் சரியான விடை.

பிரிவு முறையை எடுத்தபின், எந்தப் பிரிவுகள் என்பதிலும் பழைய பட்டியலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முதலில் மாற்ற வேண்டியது வின். 2018இல் ஜேக்கப் டிகிராம் 1.70 என்ற இஆர்ஏவுடன் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதையே வென்றார். அவருடைய வெற்றி–தோல்விக் கணக்கோ 10–9. அவர் ஆடிய மெட்ஸ் அணியின் பேட்டர்கள் ரன் எடுத்துத் தராததற்கு டிகிராமை வைத்திருந்த நண்பர் வாரந்தோறும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. குறைந்தது ஆறு இன்னிங்ஸ் எறிந்து மூன்று ஏர்ன்ட் ரன்னுக்கு மேல் கொடுக்காததைக் குறிக்கும் குவாலிட்டி ஸ்டார்ட், பிட்சரின் கையில் இருப்பதை மட்டும் அளக்கிறது. ஸ்டார்ட்டர்கள் முன்போல் நெடுநேரம் எறியாத இந்நாளில் அது அரிதாகி வருகிறது என்பது நியாயமான எதிர்வாதம். ஆனால் அரிதாக இருப்பது வேறு, சம்பந்தமில்லாதவர்களைச் சார்ந்திருப்பது வேறு. பேட்டிங் ஆவரேஜுக்குப் பதில், வாக்கையும் கணக்கில் சேர்த்து பேஸை எட்டும் விகிதத்தைச் சொல்லும் ஓபிபியை வைப்பதையும் ஆதரிக்கிறேன். 2024இல் சோட்டோவின் ஆவரேஜ் .288, ஓபிபி .419, முதல் எண்ணை மட்டும் பார்ப்பவர் அவருடைய ஆட்டத்தின் பாதியைத்தான் பார்க்கிறார். சேவ் பிரிவை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டோலன் பேஸ் பிரிவை நீக்கிவிடலாம் என்று முன்பு பலர் சொல்வதுண்டு. அப்போது அதில் நியாயமும் இருந்தது. வாரம் முழுவதற்கும் இரு பக்கமும் ஒன்றிரண்டு என்று முடியும் ஒரு பிரிவு, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானதல்ல. ஆனால் 2023இல் பேஸ்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கப்பட்டு, பிட்சர் பேஸை நோக்கி எறியும் முயற்சிகளுக்கு வரம்பும் பிட்ச் க்ளாக்கும் (பந்தெறிவதற்கான நேரக் கெடு) வந்தபின், மேஜர் லீக் முழுவதிலும் திருடப்பட்ட பேஸ்கள் 2022இன் 2,486இலிருந்து 3,503ஆக உயர்ந்தன. இப்போது ஒரு வாரத்துக்குள்ளேயே உண்மையான போட்டி நடக்கும் பிரிவாக அது மாறியிருக்கிறது.

லைன்-அப்பை (களமிறக்கும் வீரர்களின் பட்டியலை) நாள்தோறும் மாற்றுவதா, வாரத்துக்கு ஒருமுறை பூட்டிவிடுவதா என்பது அடுத்த முடிவு. திங்கள், வியாழன் ஆகிய நாட்களில் பல அணிகளுக்கு ஆட்டம் இருக்காது. அன்று பெஞ்சில் இருப்பவரை இறக்கி இடைவெளியை நிரப்புவது நாள்தோறும் மாற்றும் முறையின் நயம். காயம்பட்ட வீரர் ஒருவர் செவ்வாய் முதல் ஞாயிறு வரை உங்கள் லைன்-அப்பில் வெறுமனே கிடப்பதையும் அது தவிர்க்கிறது. மறுபக்கம், அது வேலையும் குடும்பமும் உள்ளவர்களிடம் தினமும் சில நிமிடங்களைக் கேட்கிறது; ஓய்வு நேரம் அதிகம் உள்ளவருக்கு அது ஆதாயமாகிறது. நண்பர்கள் சிலர் நியூ ஜெர்சியிலும் சிலர் சென்னையிலுமாக இருந்தால் நிலைமை இன்னும் கடினம்: கிழக்குக் கரையில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் சென்னையில் அதிகாலை நான்கரை மணி. ஆட்டத்துக்குச் சற்று முன்பு ஒருவர் லைன்-அப்பிலிருந்து நீக்கப்பட்ட செய்தியை அங்கிருப்பவர் தூக்கத்தில்தான் தவறவிடுவார். அத்தகைய லீக்குக்கு வாரம் ஒருமுறை பூட்டுவதே நேர்மையானது. எல்லோரும் ஒரே நாட்டில் இருந்தால் நாள்தோறும் மாற்றும் முறையையே எடுங்கள். ஆனால் அதற்கு ஒரு கடிவாளம் வேண்டும்.

அந்தக் கடிவாளம், வாரத்துக்கு எத்தனை வீரர்களைப் புதிதாகச் சேர்க்கலாம் என்ற வரம்பு. வரம்பு இல்லாவிட்டால், ஒருவர் தினமும் அன்று எறியும் ஒரு ஃப்ரீ ஏஜென்ட் (லீக்கில் யாரும் எடுக்காத) பிட்சரைச் சேர்த்து, மறுநாள் விட்டுவிட்டு இன்னொருவரைச் சேர்த்து, ஸ்ட்ரைக்அவுட்டையும் குவாலிட்டி ஸ்டார்ட்டையும் எண்ணிக்கையாலேயே வாரிக்கொள்ளலாம். 2024இல் வைட் சாக்ஸ் அணிக்கு எதிராக எறியும் யாரையும் துணிந்து எடுக்கலாம் என்ற நிலை இருந்தது. ஸ்ட்ரீமிங் எனப்படும் இந்த உத்தி தன்னளவில் தவறல்ல. எதிரணியையும் மைதானத்தையும் ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது திறமையே. அளவு மீறும்போதுதான், டிராஃப்டில் கவனமாக எடுத்த பிட்சர்களுக்கு மதிப்பில்லாமல் போகிறது. வாரத்துக்கு நான்கு சேர்க்கை என்பது திறமைக்கும் இடம் கொடுத்து, வெள்ளத்தையும் தடுக்கும் அளவு என்பது என் கருத்து. இதற்கு நேரெதிரான உத்தியையும் தடுக்க வேண்டும்: ஸ்டார்ட்டர்களையே ஒதுக்கிவிட்டு, க்ளோசர்களை (ஆட்டத்தின் இறுதியில் மட்டும் எறியும் பிட்சர்களை) மட்டும் அடுக்கி, சேவ், இஆர்ஏ, விப் மூன்றையும் குறைந்த இன்னிங்ஸில் பறித்துக்கொள்வது. வாரத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை இன்னிங்ஸ் எறிந்திருக்க வேண்டும் என்ற விதி இதற்காகவே இருக்கிறது. இத்தகைய லீக்குகளை நடத்த உதவும் யாஹூ தளத்தில் தொடக்க அமைப்பாக வரும் 20 இன்னிங்ஸ் மிகவும் தளர்வானது. 30 வைத்தால் யாரும் ஸ்டார்ட்டர்களைப் புறக்கணிக்க முடியாது.

ப்ளேஆஃபைப் பொறுத்தவரை என் விருப்பம் சுருக்கமானது: பன்னிரண்டு பேரில் நால்வர் மட்டும் தகுதி பெறட்டும், ஒவ்வொரு சுற்றும் இரண்டு வாரம் நடக்கட்டும், பருவத்தின் கடைசி வாரத்துக்கு முன்பே இறுதிப் போட்டி முடியட்டும். ஆறு பேரை அனுமதித்து ஒரு வாரச் சுற்றுகளாக நடத்தினால், ஐந்து மாத உழைப்பு ஒரு வாரத்துச் சறுக்கலில் கரைந்துவிடும். கடைசி வாரத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அதற்குள் இடம் உறுதியான அணிகள் தங்கள் நட்சத்திரங்களுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கிவிடும் என்பதே. செப்டம்பரில் அணிகள் 26 பேருக்குப் பதில் 28 பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஓய்வு கொடுப்பது இன்னும் எளிது. இளம் பிட்சர்களின் இன்னிங்ஸ் கணக்கைப் பார்த்து முன்கூட்டியே நிறுத்திவிடுவதும் உண்டு.

இவற்றுடன் டிராஃப்ட் நாளுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது: பேட்டிங், பிட்சிங் இரண்டையும் செய்யும் ஓடானி ஒரு வீரரா, இருவரா? யாஹூ அவரைப் பேட்டராகவும் பிட்சராகவும் இரு தனி வீரர்களாகப் பிரித்துவைக்கிறது. இரு வெவ்வேறு நண்பர்கள் ஆளுக்கொரு ஓடானியை எடுக்கலாம். அவரை ஒரே வீரராக வைக்கும் லீக்கில் லைன்-அப்பை வாரம் ஒருமுறை பூட்டினால், அவர் பேட்டராக இருக்கும் வாரத்தில் எறிந்ததெல்லாம் வீணாகும். நாள்தோறும் மாற்றினால், அவர் எறியும் நாளில் பிட்சராகவும் மற்ற நாட்களில் பேட்டராகவும் அவரைப் பயன்படுத்துபவர் ஓர் இடத்தில் இரு வீரர்களை வைத்திருப்பவராகிவிடுவார். நண்பர்களுக்குள் மனக்கசப்பு வராதிருக்க, பிரித்துவைக்கும் முறையே நல்லது. 2024இல் 54 ஹோம் ரன்களும் 59 ஸ்டோலன் பேஸ்களும் தந்த அந்த பேட்டர் மட்டுமே முதல் தேர்வுக்குப் போதுமானவர்.